நின்ற புள்ளி

"எந்த வாட்ச் வாங்கட்டுங்க டீச்சர்?"

மருதாசலம் இதைக் கேட்டபோது காலில் ரப்பர் செருப்புப் போட்டிருந்தார். ஓடுவதற்கென்று குளக்கரைக்கு வந்திருந்தவர்களில் செருப்போடு நின்றது அவர் ஒருவர்தான்.

டீச்சர் என்றால் சுகிர்தா. வயது முப்பத்திரண்டு. பகலில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. விடிகாலையில் பேரூர்ப் பக்கத்துக் குளக்கரையில் பத்துப் பேருக்கு நெடுந்தூர ஓட்டம் பழக்குகிறவர். மருதாசலத்துக்கு ஐம்பத்தொன்று. கணபதியில் பம்ப்செட் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே அவர் குரல் கேட்டால் லேத்தில் நிற்கிறவன் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பான். இங்கே வந்தால் இவர் கைகட்டி நிற்காத குறைதான். ஓட்டம் அப்படிப்பட்டது. வயதும் முதலாளித்தனமும் முதல் கிலோமீட்டரிலேயே கழன்று விழுந்துவிடும், மிச்சம் இருப்பது மூச்சுதான்.

"ஷூ எங்கங்ணா?" என்றார் டீச்சர்.

"பரண் மேல இருக்குதுங்க."

"யாரு வெச்சாங்க?"

"வீட்டுலதான்."

டீச்சர் மேற்கொண்டு கேட்கவில்லை. நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருதாசலம் சிறுவாணி ரோட்டில் தனியாக நீண்ட ஓட்டம் போனார். மாதம்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் கண் இருட்டியது. உட்காரலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. உட்கார்ந்தது ஞாபகம் இல்லை. பால் வண்டிக்காரர் ஒருவர் பார்த்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உடம்பில் உப்பு இறங்கிவிட்டது, இப்போது பயமில்லை, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

ஏற்கெனவே வெகுநேரம் கிடந்திருந்தார். அவர் கையிலிருந்த போன், அவர் இருக்கும் இடத்தை ஒரு நீலப் புள்ளியாக வீட்டில் கனகவல்லியின் போனுக்குக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. புள்ளி புளியமரத்தடியில் நின்றதை அவர் மனைவி பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்னி அரைக்கப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"புள்ளி நின்னதப் பாத்தியல்ல? ஒரு போன் பண்ண மாட்டியா?"

"டீ குடிக்கறீங்கன்னு நெனச்சனுங்க" என்றாள் கனகவல்லி.

குளுக்கோஸ் ஏற்றிய இடத்துக் காயம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. இது ஆறவில்லை. மனிதன் ரோட்டோரம் சாகக் கிடக்கிறான், டீ குடிக்கிறானாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள்மேல் அவருக்கு இப்படியொரு வருத்தம் வந்ததே இல்லை. வெளியே சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும் என்று உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில்கூட இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்துபோனது.

அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஷூவைத் துடைத்துப் பரண்மேல் வைத்தாள். "நீங்க விழுந்தா எனக்குத் தானாத் தெரியறாப்பல ஏதாச்சும் வாங்குங்க. அப்பறம் எடுத்துத் தர்றேன்" என்றாள். மார்கழியில் முழு மாரத்தான். அவர் பெயர் கொடுத்துப் பல நாளாயிற்று.

அதனால்தான் இந்த வாட்ச் விசாரணை.

"என்னென்ன பாத்து வெச்சிருக்கீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"மூணு பாத்திருக்கறனுங்க. ஒண்ணு, சார்ஜ் போட்டா வாரக்கணக்குல நிக்கும். மலைப்பாதை மேப்பெல்லாம் உள்ளயே இருக்குது."

"எந்த மலைக்குங்ணா போறீங்க?"

"போனா இருக்கட்டும்னுதான். ரெண்டாவது, நாம தூங்கறது, நெஞ்சு துடிக்கறது எல்லாம் பாத்து, இன்னைக்கு ஓடாதீங்கன்னு அதுவே சொல்லிப்போடும். மூணாவது, நாம கீழ விழுந்தா தானாக் கத்தி வீட்டுக்குத் தகவல் குடுக்கும்."

ஓட்டக்காரர்கள் நடுவில் வாட்ச் பேச்சை எடுப்பதும் பந்தியில் சாம்பார் எப்படி என்று கேட்பதும் ஒன்றுதான். ஆளுக்கொரு அபிப்பிராயம் வந்துவிட்டது. பல் டாக்டர் ரெஜினா தன் மணிக்கட்டை நீட்டி, இதைத் தவிர எதை வாங்கினாலும் வருத்தப்படுவீர்கள் என்றார். வங்கியில் வேலை பார்க்கும் ஹரிஹரன், மேக மூட்டத்தில் அது பக்கத்துத் தெருவில் ஓடியதாகக் காட்டும் என்றார். இரண்டு பேரும் வாட்ச்சை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட ஆரம்பித்தார்கள்.

டீச்சர் மருதாசலத்திடம் மெதுவாகக் கேட்டார். "அந்த மூணுலயும் நிறுத்தற பட்டன் எங்க இருக்குது?"

"மொதல்ல பாத்ததே அதத்தானுங்க. மொதல் ரெண்டுல வலது பக்கம் மேல. மூணாவதுல தொடுதிரை. வேர்த்த கையில வேலை செய்யாதுன்னு சொல்றாங்க. அதுதான் யோசனை."

அந்தப் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஓட்டக்காரர் நின்றால் முதலில் கை போவது அதற்குத்தான். சிக்னலில் நின்றாலும், நாய்க்குட்டி ஷூவைக் கவ்வினாலும், கல்யாணப் பத்திரிகை வைக்க யாராவது வழியில் மறித்தாலும், முதலில் நிறுத்து, அப்புறம்தான் வணக்கம். நின்ற நேரம் ஓடிய நேரத்தோடு சேர்ந்தால் வேகத்தின் ஆவரேஜ் கெட்டுவிடும் அல்லவா? மருதாசலம் இதில் கெட்டிக்காரர். மாதம்பட்டியில் டீ, பாலத்தில் கால் நீட்டல், பட்டறையிலிருந்து போன் வந்தால் அதற்கு ஒரு நிற்றல். ஒவ்வொன்றுக்கும் போனில் அந்தப் பட்டனை அழுத்தி நிறுத்துவார், வீட்டில் தெரியும் புள்ளியும் கூடவே நின்றுவிடும். திரும்ப ஓடும்போது அழுத்த மறப்பதும் உண்டு. அவர் பாட்டுக்கு அரை ஊர் தாண்டிப் போயிருப்பார், புள்ளி டீக்கடையிலேயே நின்றுகொண்டிருக்கும்.

புளியமரத்தடியில் கண் இருட்டியபோதுகூட அந்தப் பட்டனை அழுத்திவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். பிறகு போனை எடுத்துப் பார்த்தபோது ஆவரேஜ் பத்திரமாக இருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம வாங்கண்ணா" என்றார் டீச்சர். "ஷூ வேண்டாம். இதே செருப்புப் போதும்."

"ஓட வேண்டாமுங்களா?"

"நான் ஓடறேன். நீங்க உக்காந்து பாருங்க."

"அப்ப வாட்ச்?"

"பாத்துட்டுச் சொல்லலாம்."

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் குளத்தைச் சுற்றி ஓடக் கிளம்பினார்கள். டீச்சர் தன் புள்ளி மருதாசலத்தின் போனில் தெரியும்படி செய்து கொடுத்தார்.

"ஆலாந்துறை போய்ட்டுத் திரும்பி வர்றேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்ணா. உங்கள நம்பித்தான் தனியாப் போறேன்."

"நீங்க போங்க டீச்சர். நான் இருக்கறனல்ல."

கல் பெஞ்சில் உட்கார்ந்து, கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பதுபோல் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். புள்ளி குளக்கரையை விட்டு இறங்கி, ரோட்டைப் பிடித்து, மேற்கே நகர்ந்தது. நகர்வதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பிறகு நின்றது.

மருதாசலம் எழுந்துவிட்டார். ஒரு நிமிஷம் பொறுக்கவில்லை, கூப்பிட்டுவிட்டார். மணி வெகுநேரம் அடித்தது.

"என்னங்ணா?"

"இல்லீங்க, நின்னுட்டீங்களேன்னு..."

"தண்ணி குடிச்சேன். இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க? ஓட்டமே கெட்டுப்போச்சு. ஆவரேஜ் போச்சு."

போன் துண்டிக்கப்பட்டது. மருதாசலத்துக்குச் சுருக்கென்றது. நல்லதுக்குத்தானே கூப்பிட்டோம்? டீச்சர் இப்படி எரிந்து விழுகிறவரும் அல்ல. இந்தப் பேச்சை வேறு எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

புள்ளி நகர்ந்தது. பிறகு மறுபடியும் நின்றது.

இந்தத் தடவை கட்டைவிரல் போன்மேல் போய், அப்படியே திரும்பி வந்தது. எதற்கு வம்பு? பெஞ்சைச் சுற்றி நடந்தார். நாலாவது சுற்றில் புள்ளி நகர்ந்தது. நல்லவேளை, கூப்பிடவில்லை.

மூன்றாவது முறை நின்றபோது ரொம்ப நேரம் அசையவில்லை. தனியாகப் போகிற பெண் பிள்ளை, லாரி போகிற ரோடு. மருதாசலம் ஸ்கூட்டரில் ஏறிச் சாவியையும் போட்டுவிட்டார். அப்போது பார்த்து, எதுவுமே நடக்காத மாதிரி புள்ளி கிளம்பியது. அவருக்குக் கோபம் வந்தது. நிற்கிறவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றால் என்ன? உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்தால் மனுஷனாகத் தெரியவில்லையா?

நாலாவது முறை நின்றபோது அவர் எழுந்திருக்கவில்லை. நகரும் என்று தெரியும். நகர்ந்தது.

அந்த நேரத்தில்தான் வேடபட்டித் தோட்டக்காரர் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் தோட்டத்தில் ஓடுவது மருதாசலம் பட்டறை மோட்டார்.

"ஏனுங்க, மோட்டார் ஓடுது, தண்ணி மட்டும் வரமாட்டேங்குது."

"சத்தம் எப்படி வருது?"

"உர்ர்னு."

"உர்ர்னா, உர்ரு உர்ருனா?"

இந்த வேறுபாட்டில் மருதாசலத்தின் மொத்த வாழ்க்கையும் அடங்கியிருக்கிறது. காற்றுப் பிடித்திருக்கலாம், கிணற்றுக்குள் வால்வு போயிருக்கலாம், கெபாசிட்டர் போயிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று விரலை மடக்கி விளக்கினார். நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தார். புள்ளி நின்றிருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வால்வை எப்படிக் கழற்ற வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்.

தோட்டக்காரர் போன பிறகு இளநீர் ஒன்று குடித்தார். மற்றவர்கள் ஓட்டம் முடித்து, கால் நீட்டி, வாழைப்பழம் தின்று, ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். வெயில் தண்ணீர்மேல் ஏறிக் கண்ணைக் கூச வைத்தது.

குளத்து முக்கில் டவுன் பஸ் ஒன்று நின்றது. சுகிர்தா டீச்சர் இறங்கி வந்தார். முகம் கன்றிப்போயிருந்தது. உதடு காய்ந்திருந்தது.

"என்னங்க டீச்சர், பஸ்ல வர்றீங்க?"

"நீங்க வரலீங்களே."

"நானா?"

"உக்காந்துட்டே இருந்தேன். ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன். மூணாவதுல ஏறிட்டேன்."

"நீங்க நின்னதப் பாத்தனுங்களே."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"டீ குடிக்கறீங்கன்னு நெனச்..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். டீச்சர் பட்டனை அழுத்திய இடத்திலேயே, மாதம்பட்டி தாண்டி, புள்ளி நின்றிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் புளியமரம் அவருக்குத் தெரியும்.

டீச்சர், மற்றவர்கள் விட்டுப்போன கேனில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தார். ஒரு வாழைப்பழத்தை உரித்து, பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். மருதாசலம் வாட்ச்சைப் பற்றிக் கேட்க மறந்து ஸ்கூட்டரை எடுத்தார்.

வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவர் சமையலறை வாசலில் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்து மிக்ஸியை நிறுத்தினாள்.

"கனகு."

"என்னுங்க?"

"அன்னைக்குப் புள்ளி நின்னப்ப..."

கனகவல்லியின் முகம் சுண்டிப்போனது. "மறுபடியும் அதையே கேக்கறீங்களா? கேளுங்க. என்ற தப்புத்தான். பாத்துட்டுப் பேசாம இருந்தது என்ற தப்புத்தான். அதையே நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே போச்சு."

"இல்ல புள்ள. அதக் கேக்கல."

"பின்ன?"

"மொதல்ல எல்லாம் நான் நின்னாக் கூப்பிடுவியே. எப்ப விட்ட?"

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒருக்கா கூப்பிட்டப்ப, உங்க பக்கத்துல ஆளுங்க இருந்தாங்களாட்ட இருக்குது. டீச்சர் சத்தம்கூடக் கேட்டுது. இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க, ஓட்டமே கெட்டுப்போச்சு, ஆவரேஜ் போச்சுன்னு கத்துனீங்க. அதுக்கப்பறம் கூப்பிடறதில்ல."

மருதாசலம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்காகப் பாக்காம இருந்ததில்லீங்க. புள்ளி நிக்கும். எனக்குப் பதறும். அப்பறம் நவுரும். நிக்கும், நவுரும். அன்னைக்கும் போனைக் கையில எடுத்தேன். உங்க பேர்கூட வந்துருச்சு. கத்துவீங்கன்னு வெச்சுட்டேன்."

இத்தனை நாள் அவள்மேல் வைத்திருந்த வருத்தத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"நானும் இன்னைக்கு வெச்சுட்டேன் கனகு" என்றார்.

அவளுக்கு அது புரியவில்லை. பெஞ்சு, புள்ளி, தோட்டக்காரர், பஸ் எல்லாவற்றையும் அவர் வரிசையாகச் சொன்னார். தோட்டக்காரர் மோட்டார் உர்ரென்ற இடத்தில் அவள் சிரித்தாள். டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்தில் சிரிப்பு நின்றுபோய், வெயிலில் அந்தப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு வந்தீர்களா என்று அவரைத் திட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் அவரைத் திட்டியது அன்றுதான். அவருக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருதாசலம் ஷூவோடு குளக்கரைக்கு வந்தார்.

டீச்சர் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"பரண்லேர்ந்து யாரு எடுத்தாங்க?"

"வீட்டுலதான்."

"வாட்ச் வாங்கியாச்சுங்களா?"

"இல்லீங்க. சாயந்தரம் அவளையும் கூட்டிட்டுப் போய் வாங்கலாம்னு. ஷூவ எடுத்துக் குடுத்தாளுங்க, ஆனா வாட்ச் வேண்டாம்னு சொல்லல. தனியா ஓடறவனுக்கு ஒண்ணு இருக்கட்டும்னுதான் சொல்றா. நீங்க சொன்னாப் போதும் டீச்சர், அதையே வாங்கிப்போடறோம். சார்ஜ் நிக்கறதப் பாக்கறதா, நெஞ்சு துடிக்கறதப் பாக்கறதா, விழுந்தாக் கத்தறதப் பாக்கறதா? எந்த வாட்ச்சுங்க வாங்கட்டும்?"

டீச்சர் முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு எழுந்தார்.

"அக்கா கூப்பிட்டா எடுக்கற வாட்ச்சுங்ணா."